ரவை போடாத தொப்பி

இந்த இதழின் சந்தாதாரர்களில் நாலைந்து பேராவது என்னை விமர்சகன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவன் சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்திருந்த கதையை இங்கே எழுதுவது முறையா என்று எனக்குச் சந்தேகம். ஆசிரியரிடம் கேட்டேன். 'கவிதையைப் பற்றி இல்லை என்றால் சரி' என்றார். சென்ற இரண்டு இதழ்களில் நான் எழுதியவற்றுக்காக அவருக்கு வந்த கடிதங்களை நினைத்துச் சொல்லியிருப்பார். அவருக்குக் கொடுத்த வாக்கை நடுவில் கொஞ்சம் மீற வேண்டியிருக்கிறது.

விஷயம் ஒரு சின்னப் பெட்டி. குறுந்தகட்டில் எண்களாகக் கிடக்கிற சங்கீதத்தை மின்சாரமாக மாற்றித் தருவது. 'டாக்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கடையில் முழுசாகவே கிடைக்கும். நான் வாங்கியது அச்சிட்ட பலகை ஒன்று, உதிரிப் பாகங்கள் ஒரு பொட்டலம், எதை எங்கே செருகுவது என்று ஒரு தாள். பலகை நடுவில் பிலிப்ஸ் கம்பெனியின் டி.டி.ஏ. 1543 என்ற எட்டுக் கால் சில்லு. பழைய குறுந்தகட்டுப் பெட்டிகளில் மலிவு ரகத்துக்குள் இருந்தது. தொடக்கக்காரனுக்கு அது போதும். வங்கியில் கேஷ் கவுண்டரில் எட்டு மணி நேரம் எண்களைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, எண்கள் சங்கீதமாகிற இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசை வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செகண்டுக்கு 44,100 தடவை, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக, ஓர் எண் வருகிறது. ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒன்று. சில்லு அந்தப் படிக்குத் தக்கபடி மின்னோட்டத்தைச் சொட்டுகிறது. அதிகபட்சமே இரண்டு மில்லியாம்பியரும் சொச்சமும்தான். இதோடு டிஜிட்டல் சமாசாரம் முடிந்தது. அதற்கப்பால் உள்ளதுதான் அனலாக் வெளியீட்டுப் பகுதி. அங்கே ஆப்-ஆம்ப் என்ற இன்னொரு எட்டுக் கால் சில்லு அந்தச் சொட்டை வோல்ட்டேஜாக மாற்றுகிறது. அதன் குறுக்கே உள்ள சின்ன கண்டென்சர் படிக்கட்டின் கூர்முனைகளைக் கொஞ்சம் மழுக்குகிறது. (பாடப்புத்தகம் மின்தேக்கி என்கும். ரிச்சி தெருவில் மின்தேக்கி என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.) கடைசியாக வாசலில் ஒரு கண்டென்சர். வருகிற வோல்ட்டேஜ் வெறுமனே வருவதில்லை. அசையாத ஒரு வோல்ட்டேஜின் தோளில் உட்கார்ந்து வருகிறது. அசையாததை ஆம்ப்ளிஃபையருக்குள் விடக் கூடாது. வாசல் கண்டென்சர் நிற்பதைத் தடுத்து, மாறுவதை மட்டும் விடும். எவ்வளவு மெதுவாக மாறுவது வரை 'மாறுவது' என்று அது ஒப்புக்கொள்ளும் என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. தாளில் போட்டிருந்தபடி 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் பற்றவைத்தேன். பெட்டி பாடியது. இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எவரும் இங்கே நிறுத்துவதில்லை. பெட்டியின் மூளையை மாற்ற முடியாது, வாயை மாற்றலாம். எனவே எல்லோரும் வெளியீட்டுப் பகுதியையே நோண்டுகிறார்கள். என் பலகையில் வந்த ஆப்-ஆம்ப் என்.இ. 5532. சிக்னெடிக்ஸ் கம்பெனி 1979இல் கொண்டுவந்தது. இதைக் கேவலமாகப் பேசுவது ஒரு சம்பிரதாயம். வறட்டுத்தனம், இயந்திரத்தனம், உயிர் இல்லை என்பார்கள். 1980களிலிருந்து பதிவுக்கூடங்களின் மிக்ஸர் மேசைகளில் இதே 5532 வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்ததையும், இவர்கள் உயிர் இருப்பதாகச் சொல்லும் இசைத்தட்டுகள் பலவும் அதன் வழியாக வந்தவையே என்பதையும் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது அபிப்பிராயம் மட்டும். அதே போல எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு: அது ஒலியைக் கலங்கடிக்கும், அதன் இடத்தில் பாலிப்ராப்பிலீன் போட வேண்டும். ஓர் இங்கிலாந்துக்காரரின் சுற்றுக் குறிப்பில் 0.22 மைக்ரோஃபாரட் போதும் என்று இருந்தது. அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபையரின் படமும் கூடவே இருந்தது. படத்தைப் பார்த்தேன், அழகாக இருந்தது, பக்கத்தைத் திருப்பினேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி 5532ஐப் பிடுங்கிவிட்டு ஓ.பி.ஏ. 2134ஐச் செருகினேன். கால்கள் அச்சாகப் பொருந்தும். அதே ராத்திரி எலக்ட்ரோலிட்டிக்கைக் கழற்றி, கட்டைவிரல் பருமனுள்ள இரண்டு பாலிப்ராப்பிலீன் கண்டென்சர்களைப் பற்றவைத்தேன். இரண்டையும் ஒன்றாக மாற்றினேன் என்பதை வாசகர் குறித்துக்கொள்ளலாம். கணக்கில் வித்தியாசம் வந்தால் ஒவ்வொரு வவுச்சராக எடு, இரண்டைச் சேர்த்துத் தொடாதே என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்காருகிற ஜாதி நாங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தி கழன்றுவிடுகிறது.

கேட்டேன். மாறியிருந்தது. சந்தேகமே இல்லை. திரை விலகியது போல ஒரு தெளிவு. வயலினின் வில் தந்தியில் படுகிற சொரசொரப்பு, பாடகர் மூச்சு இழுப்பது, பின்னால் யாரோ செருமுவது எல்லாம் எழுந்து வந்தன. ஒரு நோட்டில் மூன்று பக்கம் எழுதினேன். அந்த நோட்டு இப்போது எதிரில் இருக்கிறது. 'ஊளைச்சதை கழிந்து எலும்பின் வடிவம் தெரிகிறது.' 'தேவையற்ற கனம் இறங்கியிருக்கிறது.' 'மௌனத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது.' இவ்வளவும் ஆப்-ஆம்புக்குக் கொடுத்த பாராட்டு. கண்டென்சருக்கு அரை வரிதான்.

இந்த வரிகளை இவ்விதழைத் தொடர்ந்து படிப்பவர்கள் வேறெங்கோ பார்த்திருப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு கவிஞரின் முதல் தொகுதியைப் பற்றி இங்கே எழுதினேன். கீழத்தஞ்சைப் பக்கத்து ஆள். வரிக்கு வரி 'அட', 'ஆமாமா', 'அதுக்கென்ன இப்ப' என்று பேச்சின் முட்டுகள். 'ஊளைச்சதை' என்ற வார்த்தையை அங்கே பிரயோகித்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அடுத்த தொகுதியில் முட்டுகள் எல்லாம் போயிருந்தன. பழைய கவிதைகள் சிலவற்றையும் செதுக்கி அதில் மறுபடி சேர்த்திருந்தார். 'எலும்பின் வடிவம்' என்று அதைப் பாராட்டினேன். அவர் நன்றி தெரிவித்து ஒரு கார்டு போட்டார்.

பெரியப்பா மிருதங்க வித்வான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஊர். திருச்சி வானொலியில் பி கிரேடு. கல்யாணக் கச்சேரிகள், கோயில் உற்சவங்கள், இரண்டு மூன்று சிஷ்யப் பையன்கள் என்று ஓடிய ஜீவனம். பெரிய பெயர் இல்லை. வாசிப்பில் அவருக்கிருந்த ஒரே கர்வம் தொப்பி. வலந்தலை எல்லாருக்கும் வரும், தொப்பி பேச வேண்டும் என்பார். சின்ன வயசில் திருவையாற்றில் பாலக்காடு மணி அய்யரைக் கேட்டது அவருக்குத் தீக்ஷை மாதிரி. மணி அய்யர் (1912–1981) ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார் அல்லவா, அதைச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பாவுக்கு முகம் மலரும். 'மைக்கு தொப்பியத் தின்னுடும்டா' என்பார். ஆனால் தனக்கு மைக் வைக்காத கச்சேரியில் ஒருதரம்கூட உட்கார்ந்ததில்லை. பி கிரேடுக்காரன் பிடிவாதம் பிடிக்க முடியுமா?

அவர் வாசித்ததில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பதிவு. 1986இல் ஒரு கோயில் உற்சவத்தில் நடந்த கச்சேரி. மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேராக கேசட்டில் பிடித்தது. அதைக் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துக் குறுந்தகடாக்கி வைத்திருந்தேன். பெட்டி செய்ய ஆரம்பித்ததே அதைச் சரியாகக் கேட்கத்தான் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். செலவுக்கு நியாயம் வேண்டுமே.

சென்ற வருஷம் கண் புரை ஆபரேஷனுக்காகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் சென்னைக்கு வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தார்கள். அவருக்கு 78 வயசு. காது மந்தம், காலிங்பெல் கேட்காது, பிரஷர் குக்கர் விசில் கேட்காது. ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முன் ஸ்பீக்கர்களை நகர்த்தி வைத்து, புதிதாகத் திருத்திய பெட்டியில் அந்தக் கச்சேரியைப் போட்டேன். தனி ஆவர்த்தனத்துக்கு நேராகப் போனேன். அவர் தலை கொஞ்ச நேரம் ஆடியது. அப்புறம் நின்றது.

'ரவ போடாம உக்காந்துட்டேன் போலருக்கே' என்றார்.

மிருதங்கம் பரிச்சயமில்லாதவர்களுக்காக: வலந்தலையில் கறுப்பாக இருக்கிற கரணை நிரந்தரம். இடது பக்கத்துத் தொப்பியில் அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்பு ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்ப வேண்டும். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அந்தக் கனத்தில்தான் தொப்பியின் கும்காரம் பிறக்கிறது. ரவை இல்லாத தொப்பி வெறும் தோல்.

'இல்லை பெரியப்பா, நல்லாத்தானே கேக்குது' என்றேன்.

'தோலு கேக்குது. தொப்பி எங்க?'

இதற்கு நான் சொன்ன பதிலைத்தான் எழுதக் கூசுகிறது. 'இது ரொம்பத் துல்லியமான கருவி பெரியப்பா. இருக்கறதைத்தான் காட்டும், கூட்டாது, குறைக்காது' என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். காலிங்பெல் கேட்காத காதுக்கு நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வாதாடவில்லை. மீதியையும் கேட்டார். ராத்திரி பெரியம்மாவிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது அடுத்த அறையிலிருந்த எனக்குக் கேட்டது. மந்தமான காதுக்காரர்களுக்குத் தாழ்ந்த குரலில் பேச வராது. 'அன்னிக்கு நான் சரியா வாசிக்கலடி. அதான் மறுவருஷம் கூப்பிடல. இத்தனை வருஷமா அந்த ட்ரஸ்டியத் திட்டிக்கிட்டு இருந்தேன்.' பெரியம்மா ஏதோ சொன்னாள். 'இல்லடி, மிஷின் பொய் சொல்லாதுன்னான் பையன்.' குரலில் வருத்தத்தைவிட ஒரு நிம்மதி இருந்தது போலப் பட்டது. காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி. அந்தக் கோயிலில் ஒன்பது வருஷம் தொடர்ந்து வாசித்தவரை 1987இல் கூப்பிடவில்லை. ஏன் என்று எவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் மற்ற இடங்களும் மெல்லக் குறைந்தன. இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம்.

அவர்கள் ஊருக்குப் போன பின்பும் எனக்குச் சந்தேகம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தேகம் வேறு வழியாக வந்தது. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிற, டிவி ரிப்பேர் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிற ஒருவரிடம் நோட்டின் மூன்று பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவர் இலக்கியம் படிப்பவரில்லை. 'மெளனத்துக்கு இடம்' என்ற இடத்தில் கொஞ்சம் சிரித்தார்.

'சார், ரெண்டு ஐசியும் குடுங்க. நான் மாத்தி மாத்திப் போடறேன். எது இருக்குன்னு நீங்க சொல்லுங்க.'

பி.ஏ.யில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸைப் படித்தவன் நான். கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய அசட்டுத்தனங்களைத் தொகுத்து 1929இல் புத்தகம் போட்ட மனிதர். பரீட்சைக்கு அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். மாணவர்களைப் பார்த்துச் சிரித்தபடி படித்த ஞாபகம். அந்தப் புத்தகத்தில் நான் உட்கார வேண்டிய இடம் எது என்று ஒரு டிவி மெக்கானிக் காட்ட வேண்டியிருந்தது.

பெட்டியை எனக்குத் தெரியாமல் திறந்து மூடி, சில சமயம் மாற்றி, சில சமயம் மாற்றுவது போலப் பாவனை செய்து, 16 தடவை கேட்க வைத்தார். ஒன்பது சரி. காசைச் சுண்டியிருந்தாலும் எட்டு வந்திருக்கும்.

'மாத்தறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுதே, அதுக்குள்ள ஞாபகம் மங்கிடுது அண்ணே' என்றேன்.

'அன்னிக்கு மாத்தறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு சார்?'

கண்டென்சரையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். சொல்லவில்லை. அவரும் விடை எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அன்று ராத்திரி மாறியது என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அதுவும் பிரமை என்றால் இனி நான் எதைப் பற்றியும் வாய் திறக்க முடியாது. அப்படியே சொன்னேன். அவர் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். கண்டென்சரில் எழுதியிருந்ததைப் படித்தார். 'ஆம்ப்ளிஃபையர் இன்புட் எத்தனை கே?' என்றார். எனக்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபையரைத் திறந்து மீட்டரை வைத்தார். 10 கே. பாஸ்புக் உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டார்: 159ஐ, கிலோ-ஓமையும் மைக்ரோஃபாரடையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பத்தை 0.22ஆல் பெருக்கினால் 2.2. 159ஐ 2.2ஆல் வகுத்தால் 72.

'அது பிரமை இல்லை சார். நெஜமாவே கெட்டுப்போயிருக்கு. 72 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் வழுக்குது.'

அந்த இங்கிலாந்துக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபையரின் உள்வாசல் 100 கே. அதே 0.22க்கு அங்கே விடை 7 ஹெர்ட்ஸ். காதுக்கு எட்டாத பாதாளம். என் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிற பிராணி. ஒரே கண்டென்சர், எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஓரிடத்தில் ஒன்றும் செய்யவில்லை, இன்னோரிடத்தில் அடிவயிற்றை அறுத்துவிட்டது. (ஆங்கிலத்திலிருந்து நான் கொண்டுவந்து தமிழ்க் கவிதைக்கு முன்னால் பற்றவைத்த வேறு பாகங்களின் உள்வாசல் கணக்கை இங்கே போடப் போவதில்லை. போட்டால் ஆசிரியருக்கு மறுபடியும் கடிதங்கள் வரும்.)

மீதிக் கணக்கை வீட்டில் நானே போட்டேன். அந்தக் கச்சேரியில் பாடியவர் ஒரு கட்டைச் சுருதிக்காரர். ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ். தொப்பியை வலந்தலைக்கு ஒரு ஸ்தாயி கீழே நிறுத்துவதாகச் சொல்வார்கள், அப்படியானால் 65. நான் பற்றவைத்த கண்டென்சர் அந்த 65இல் சக்தியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. அதற்கும் கீழே போகப் போக இன்னும் மோசம். அடிநாதம் மெலிந்தபோது மேலே உள்ளவை தாமாகவே எடுப்பாகத் தெரிந்தன. வில்லின் சொரசொரப்பும் செருமலும் புதிதாக வந்து சேர்ந்தவையல்ல. முன்பும் இருந்தவை, தொப்பியின் நிழலில். நான் 'தெளிவு' என்று மூன்று பக்கம் எழுதியது ஒரு கழித்தலை. இல்லாத வித்தியாசத்துக்குக் காரணமாக ஒரு சில்லைக் கொண்டாடினேன்; இருந்த வித்தியாசத்தை, கேடு என்று தெரியாமல், அந்தச் சில்லின் கணக்கில் வரவு வைத்தேன். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் தப்பான கணக்கில் போஸ்டிங்.

காது மந்தமான கிழவர் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்ததை என் காது ஏன் கண்டுபிடிக்கவில்லை? அவருக்கு உச்ச ஸ்தாயி எப்போதோ போய்விட்டது. நான் புளகாங்கிதப்பட்ட சொரசொரப்புகள் எதுவும் அவருக்குக் கேட்டே இருக்காது. ஆகவே அவை அவரை ஏமாற்றவும் இல்லை. இது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு: அவர் தொப்பி வருமென்று காத்திருந்தார். நான் ஆப்-ஆம்ப் வருமென்று காத்திருந்தேன்.

கவிஞர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தொகுதிகளையும் எடுத்துப் பக்கத்துப் பக்கம் வைத்துப் படித்தேன். எல்லா முட்டுகளும் ரவை என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் 'ஆமாமா' வெறும் ஆமாமாதான், போனது நல்லதே. ஆனால் தாயாரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற கவிதையில் 'அதுக்கென்ன இப்ப' என்று இரண்டு தடவை வந்தது, செதுக்கிய வடிவத்தில் இல்லை. முதல் வடிவத்தில் அந்த வார்த்தைகளைச் சொல்கிறவன் அழாமல் இருக்கப் பாடுபடுகிறான். இரண்டாவதில் அழகான படிமங்கள் இருக்கின்றன, ஆள் இல்லை. இதைச் செய்தது அவர் கை. செய்யச் சொன்னது இந்தப் பக்கங்களில் வந்த என் கட்டுரை. அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். இந்த இதழ் அவருக்கும் போகிறது.

பழைய 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கை எறியாமல் வைத்திருந்தேன். மறுபடி பற்றவைத்தேன். 159ஐ நூறால் வகுத்தால் 1.6 ஹெர்ட்ஸ். 5532ஐயும் திரும்பச் செருகினேன். அதற்கு அவசியம் இல்லை, அதன் மேல் ஒரு கடன் பாக்கி இருந்தது. பிறகு இரண்டு நாள் லீவு போட்டு, ஸ்பீக்கர்களைப் பெட்ஷீட்டில் சுற்றி, பெட்டியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரு ஏர்பேகில் போட்டுக்கொண்டு சோழன் எக்ஸ்பிரஸில் ஏறினேன். மொபைலில் போட்டு இயர்ஃபோன் கொடுத்திருக்கலாமே என்று மனைவி கேட்டாள். பெரியப்பா காதில் எதையும் செருகிக்கொள்ள மாட்டார். தவிர, பொய் சொன்ன பெட்டியே அவர் முன்னால் திருத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

அவர் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது என்று என் நரைமுடியை எண்ணினார். நான் ஒன்றும் சொல்லாமல் அதே தனியைப் போட்டேன். முதல் கும்காரத்திலேயே ஊஞ்சல் பலகையில் அதிர்வு தெரிந்தது. அவருடைய இடது கை துடையின் மேல் நகர ஆரம்பித்தது. மோரா, கோர்வை எல்லாம் வந்து, வயலின் சேர்ந்துகொண்ட பிறகு, கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

'ரவ போட்டுத்தான்டா இருக்கேன்.'

'ஆமா பெரியப்பா. அன்னிக்குப் பெட்டியில தப்பு. நான் பண்ணின தப்பு.'

'நல்லாத்தான வாசிச்சிருக்கேன்?'

'ரொம்ப நல்லா வாசிச்சிருக்கீங்க.'

முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா காபி டம்ளர்களோடு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றாள்.

'அப்பறம் ஏன்டா கூப்பிடல?'

நான் ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, 'முதல்லேர்ந்து போடு' என்றார்.